தீயை அணைத்துக் காட்டிய பிறகு ஏலம் விடுங்கள்: நிலக்கரி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிலக்கரித் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஜார்க்கண்ட் மாநிலம் ஜாம்தாரா மாவட்டத்தின் காஸ்தா நிலக்கரித் தொகுதியில், நிலக்கரியைப் பூமிக்கு அடியிலேயே எரித்து வாயுவாக மேலே எடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை 2024 ஜூனில் தொடங்கினீர்கள். கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ், ராஞ்சியிலுள்ள நிலக்கரிச் சுரங்கத் திட்டமிடல் நிறுவனமான சிஎம்பிடிஐ, கனடாவின் எர்கோ எக்ஸர்ஜி நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. முதல் கட்டத்தில் துளையிட்டுப் பாறை மாதிரிகளை ஆராய்வது, இரண்டாம் கட்டத்தில் வாயு எடுத்துப் பார்ப்பது என்று அறிவித்தீர்கள். அந்த முன்னோட்டத்தின் பாடம் என்ன என்பது நாட்டுக்குத் தெரியவரும் முன்பே, 2025இல் நடந்த வணிக ஏலச் சுற்றில் நிலத்தடி வாயுவாக்கத்துக்கான தொகுதிகளையும் முதன்முறையாகச் சேர்த்துவிட்டீர்கள். என் வேண்டுகோள் இந்த வரிசையைப் பற்றியதுதான். ஒரே ஒரு குழியில் தீ மூட்டி, அணைத்து, கழுவி, சுற்றியுள்ள தண்ணீர் பழையபடியே இருக்கிறது என்று பொதுவெளியில் நிரூபியுங்கள். அதற்குப் பிறகு ஏலத்தைப் பற்றி யோசியுங்கள். அதுவரை ஒரு தொகுதியையும் எவருக்கும் கொடுக்காதீர்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஜாம்தாராவின் தண்ணீரைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். இந்தியாவின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நெய்வேலியில் இல்லை. எங்கள் மன்னார்குடிப் படுகையில், காவிரி டெல்டாவின் வயல்களுக்குக் கீழே, திறந்தவெளிச் சுரங்கம் எளிதில் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. எட்டாத ஆழத்து நிலக்கரிக்காகவே இந்தத் தொழில்நுட்பத்தைப் பரிந்துரைக்கிறீர்கள். 2015இல் நீங்கள் வகுத்த கொள்கை நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குத் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்ததும், தமிழ்நாடு எதிர்த்ததும், நீங்கள் விலக்கிக்கொண்டதும் எங்களுக்கு மறந்துவிடவில்லை. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இன்று எங்களுக்கு ஒரு வேலியாக நிற்கிறது. ஆனாலும் எங்கள் ஊர் தப்பினால் போதும், ஜாம்தாராவில் என்ன நடந்தாலும் சரி என்று இருக்க என்னால் முடியாது. அங்கே வாழும் சந்தால் பழங்குடி மக்கள் கிணற்றிலும் அடிபம்பிலும் எடுத்துக் குடிக்கும் தண்ணீரும் தண்ணீர்தான்.

நெய்வேலியின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பீறிட்ட ஊற்றோடு கறுப்பாக ஏதோ வந்தது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தண்ணீர்தான் நிலக்கரியைக் காட்டிக்கொடுத்தது. இன்றைக்கும் நெய்வேலிச் சுரங்கம் நடக்க வேண்டுமென்றால் அடியிலுள்ள நீர்த்தாங்கியின், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண், பாறை அடுக்கின் அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். நிலக்கரிப் படுகையையும் நீர்ப்படுகையையும் தனித்தனியாகப் பிரித்து வரைபடத்தில் வண்ணம் தீட்டலாம். மண்ணுக்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பல இடங்களில் நிலக்கரிப் படுகையே நீர்த்தாங்கியாகவும் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களைப் பூமிக்கடியில் இறக்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். 1975 டிசம்பரில் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்ததை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கிராமங்களை மொத்தமாகப் பெயர்க்க வேண்டாம், சாம்பல் மலை குவியாது, இறக்குமதி குறையும் என்பதிலும் நியாயம் உண்டு. உஸ்பெகிஸ்தானின் அங்ரென் நிலையம் 1961இலிருந்து இப்படி வாயு எடுத்து மின்நிலையத்துக்குக் கொடுத்துவருகிறது. வாயு எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எடுத்து முடித்த பிறகு அந்தக் குழியை என்ன செய்வது என்பதுதான் இன்னும் தீராமல் நிற்கும் கேள்வி.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக அடியில் நடப்பதைச் சொல்ல வேண்டும். ஒரு துளை வழியாகக் காற்றையோ ஆக்சிஜனையும் நீராவியையுமோ செலுத்துகிறார்கள். நிலக்கரி பற்றிக்கொண்டு 1000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் எரிகிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் கலந்த வாயு இன்னொரு துளை வழியாக மேலே வருகிறது. எரியும் இடத்தைச் சுற்றி, ஆக்சிஜன் எட்டாமல் சூடு மட்டும் எட்டுகிற நிலக்கரி வளையம் ஒன்று உருவாகும். அங்கே நிலக்கரி எரிவதில்லை, வேகிறது. வெந்த நிலக்கரியிலிருந்து தார் கசிகிறது. பென்சீன், டொலுவீன், சைலீன், ஃபீனால், நாஃப்தலீன் எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மோனியாவும் சயனைடும் சேருகின்றன. எரிந்து முடிந்த சாம்பல் அங்கேயே தங்கி, பின்னால் போரான், சல்பேட், ஆர்சனிக் போன்றவற்றைத் தண்ணீரில் கரைய விடுகிறது.

இவையெல்லாம் குழிக்குள்ளேயே இருக்க ஒரு விதி இருக்கிறது. குழிக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம், சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே எப்போதும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கோடையில் தூர்வாரிய கிணற்றுக்கு நாற்புறமிருந்தும் ஊற்று சுரப்பதுபோல் தண்ணீர் குழியை நோக்கி வரும். நஞ்சு வெளியே போகாது. 300 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டம் மேலே இருந்தால், அந்த நீரழுத்தம் ஏறத்தாழ 30 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மழை பொய்த்தால் இறங்கும், சுற்றுவட்டாரத்தில் போர்வெல்கள் இறைத்தால் இறங்கும், எரியும் குழியே தண்ணீரை இழுத்துக்கொள்வதால் இன்னும் இறங்கும். நீரழுத்தம் இறங்கும்போதெல்லாம் உள்ளழுத்தத்தையும் கூடவே இறக்க வேண்டும். இறக்கினால் வாயு குறையும், வருமானம் குறையும். ஆக, நிலத்தடி நீரைக் காப்பாற்றுவதற்காக ஒரு நிறுவனம் தன் உற்பத்தியை ஒவ்வொரு நாளும் தானாகவே குறைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்க வெளியிலிருந்து எவரும் இருக்கமாட்டார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் இத்திட்டம் முழுவதும் நிற்கிறது.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் பார்த்துவிட்டது. அங்கே சின்சில்லா என்ற ஊருக்கு அருகே லின்க் எனர்ஜி நிறுவனம் 1999இலிருந்து சோதனை நடத்தியது. 2007க்கும் 2013க்கும் இடையே அது செய்தவைதான் பிற்பாடு வழக்காக வந்தன. அழுத்தம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டது, மேலிருந்த பாறை விரிசல் விட்டது, வாயுவும் தாரும் குழியை விட்டு வெளியேறின. காலையில் பால் குடிக்கவும் தயிர் சாப்பிடவும் தங்களுக்குச் சொல்லப்பட்டதாக, அமிலத்திலிருந்து வயிற்றைக் காக்க அதுவே வழி என்று சொல்லப்பட்டதாக, அங்கே வேலை பார்த்தவர்கள் கூறியது 2015இல் செய்திகளில் வந்தது. அதே ஆண்டு, 300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விளைநிலத்தில் 2 மீட்டருக்குக் கீழே தோண்டுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விவசாயிக்குத் தன் சொந்த நிலத்தில் ஆழமாக ஒரு குழி வெட்ட முடியாத நிலை. இதை டெல்டாக்காரனான நான் படித்தபோது அடைந்த வேதனையை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

2018 ஏப்ரலில் அந்த நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு வேண்டுமென்றே கடும் தீங்கு விளைவித்த ஐந்து குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஆனால் அபராதத்தைக் கட்ட அங்கே யாரும் இல்லை. நிறுவனம் 2016இலேயே திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டது. கலைப்பாளர்கள் அந்த இடத்தையே கைகழுவிவிட்டார்கள்; அவர்களைச் சுத்தம் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சுமை அரசின் தலையில், அதாவது மக்களின் வரிப்பணத்தின் மேல் விழுந்தது. 2016இல் குயின்ஸ்லாந்து இந்தத் தொழில்நுட்பத்தைத் தடை செய்தது. நிலக்கரியால் பிழைக்கும் மாநிலம் அது. நிலக்கரியின் மேல் வெறுப்பு கொண்டவர்கள் எடுத்த முடிவு அல்ல. ஸ்காட்லாந்தும் அதே ஆண்டு கதவை அடைத்தது.

அதே குயின்ஸ்லாந்தில் கிங்கரோய் என்ற ஊரில் 2010 மார்ச்சில் இன்னொரு நிறுவனம் தீ மூட்டியது. சில நாட்களிலேயே ஒரு துளையின் உறைக்குழாய் பழுதானது. கண்காணிப்புக் கிணறுகளில் பென்சீனும் டொலுவீனும் மிகச் சிறிய அளவில் தெரிந்ததும் ஜூலையில் அரசு திட்டத்தை நிறுத்தியது. அளவு சிறியதுதான். ஆனால் கிணறுகள் சரியான இடத்தில் இருந்ததால், முறையாகச் சோதித்ததால், அது பிடிபட்டது. நம் நாட்டில் பிடிபட்டிருக்குமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஹோ க்ரீக் என்ற இடத்தில் 1976க்கும் 1979க்கும் இடையே மூன்று முறை சோதித்தார்கள். நடத்தியது லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம். லாபத்துக்காகக் குறுக்கு வழி தேடும் கம்பெனி அல்ல, அரசின் முதல்தர விஞ்ஞானிகள். நிலக்கரி அதிக ஆழமில்லாமல் இருந்தது. எரிந்து உண்டான வெற்றிடத்தின் கூரை சரிந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த நீர்த்தாங்கிகள் ஒன்றோடொன்று கலந்தன. ஃபீனாலும் பென்சீனும் தண்ணீரில் பரவின. சுத்திகரிப்பு வேலை பல ஆண்டுகள் நீண்டது. சுற்றியுள்ள நிலக்கரியே நஞ்சை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும், நுண்ணுயிர்கள் ஃபீனாலைச் சிதைக்கும் என்று உங்கள் நிபுணர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஃபீனால் அப்படிக் குறைவதுண்டு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் பென்சீன் அவ்வளவு எளிதில் போவதில்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது; உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது.

அரசு அதிகாரிகளான நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தீ எரியும் வரை, ஒழுங்காக நடத்தினால், நீரோட்டம் குழியை நோக்கியே இருக்கும். தீ அணைந்து அழுத்தத்தை விட்டுவிட்ட பிறகுதான் குழியில் தண்ணீர் நிரம்புகிறது. தாரும் சாம்பலும் ஊறுகின்றன. நிரம்பி முடிந்ததும் நிலத்தடி நீர் தன் பழைய போக்கிலேயே, இப்போது அந்தக் குழிக்குள் புகுந்து வெளியேறிப் போகத் தொடங்குகிறது. நிறுவனத்தின் வருமானம் நிற்கும் நாளும் தண்ணீருக்கான ஆபத்து பெருகும் நாளும் ஒன்றாகவே இருக்கின்றன. இதனால்தான் குயின்ஸ்லாந்து அமைத்த அறிவியல் குழு 2013இலேயே தெளிவாகச் சொன்னது: எரிந்த குழியைச் சுத்தம் செய்து பாதுகாப்பாக மூட முடியும் என்று முதலில் காட்டுங்கள், அதற்குப் பிறகே வணிக உற்பத்தி. நான் கேட்பது அதே வரிசையைத்தான். புதிதாக எதையும் கேட்கவில்லை. அணைந்த குழிக்குள் நீராவி செலுத்திக் கழுவி, அழுக்கு நீரை இறைத்துச் சுத்திகரித்து மூடும் முறைகள் உண்டு. 1980களின் இறுதியில் வயோமிங்கின் ஹானாவில் அப்படிச் செய்தபோது பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. காஸ்தாவில் அதைச் செய்து காட்டுங்கள்.

காட்டுவது என்றால் அளந்து காட்டுவது. இங்கேதான் என் தொழில் அனுபவம் எனக்குக் கவலை தருகிறது. நிலத்தடி நீர் வாரியத்தின் வழக்கமான தர அறிக்கைகளில் உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, ஆர்சனிக், யுரேனியம் எல்லாம் வரும். பென்சீனும் ஃபீனாலும் அந்த வழக்கமான வரிசையில் இல்லை. அதாவது, நாளை ஜாம்தாராவில் ஒரு கிணற்று நீர் மாறிப்போனால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. "இது இயற்கையிலேயே இங்கே இருந்ததுதான்" என்று நிறுவனம் சொல்லும். மறுக்க ஊர்க்காரர்களிடம் எதுவும் இராது.

பென்சீன் மாதிரி எடுப்பதும் மற்ற மாதிரிகளைப் போன்றதல்ல. பிளாஸ்டிக் கேனில் பாதி நிரப்பி, வெயிலில் ஜீப்பில் கொண்டுபோனால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பென்சீன் ஆவியாகிவிடும். முடிவில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அறிக்கையில் பொய் இருக்காது. மாதிரியில்தான் உண்மை இருக்காது. கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழ்கூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, குறித்த நாட்களுக்குள் வாயு நிறப்பகுப்பாய்வுக் கருவியில் சோதிக்க வேண்டும். ஃபீனாலுக்கு நம் இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம். ஏன் இவ்வளவு கறார் என்றால், குளோரின் கலந்த குடிநீரில் அதைவிடச் சற்றுக் கூடினாலே மருந்து நெடி அடித்து வாயில் வைக்க முடியாமல் போகும். இதை அளக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. காஸ்தாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் தன்பாத்தில் ஐஐடி இருக்கிறது. அவர்களிடம் கொடுங்கள். திட்டம் நடத்துபவரின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களிடம் கொடுங்கள்.

எனவே தீ மூட்டும் முன் குறைந்தது இரண்டு பருவமழையும் இரண்டு கோடையும் அளந்திருக்க வேண்டும். ஊர்க்கிணறு, அடிபம்பு, நிலக்கரிக்கு மேலுள்ள நீர்த்தாங்கி, நிலக்கரிப் படுகை, அதற்கும் கீழே என ஒவ்வொரு ஆழத்துக்கும் தனிக் கண்காணிப்புக் கிணறு வேண்டும். ஒரே துளையில் எல்லா நீரும் கலந்து வந்தால் எது எங்கே கெட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. குழியின் அழுத்தமும் சுற்றுநீரின் அழுத்தமும் பக்கத்துப் பக்கத்தில், அன்றன்றைக்கு, எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். சின்சில்லாவில் அந்த இரண்டு எண்கள் மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தால் ஆறு ஆண்டுகள் அது நடந்திருக்காது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகளின் கழிவு கிணறுகளுக்குள் இறங்கிய வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பதினைந்து ஆண்டு கழித்து 2011இல், அந்தப் பணத்தை வட்டியோடு கட்டச் சொல்லி அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், குழியைச் சுத்தம் செய்யும் முழுச் செலவையும் தீ மூட்டும் முன்பே வைப்புத்தொகையாக வாங்கி வையுங்கள். இருபது ஆண்டுக் கண்காணிப்புச் செலவும் அதில் அடங்க வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டு ஏலதாரர் எவரும் முன்வரவில்லை என்றால், இந்த வாயு மலிவு என்று இதுவரை போட்ட கணக்கில் தண்ணீரின் விலை சேர்க்கப்படவில்லை என்று பொருள்.

எங்கள் பாலாற்றங்கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் பாழான வேலூர் வட்டார மக்கள் தொடுத்த வழக்கில், அதே 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு வரும் என்று மக்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு வராது என்று தொழில் நடத்துபவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் பாலாற்றின் ஊற்றுகள் கெட்டுவிட்டன. ஆனால் காஸ்தாவின் ஊற்றுகளுக்கு அது முன்கூட்டியே கிடைத்திருக்கிறது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

ஜாம்தாரா, பழங்குடியினரின் பாதுகாப்புக்காக அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பகுதி. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்குக் குரல் கொடுத்திருக்கிறது. பக்கத்து மாவட்டமான தன்பாத்தின் ஜரியாவில் 1916இலிருந்து நிலக்கரிப் படுகைகள் எரிந்துகொண்டிருப்பதை அந்த மக்கள் கேள்விப்படாமலா இருப்பார்கள்? வேண்டாத தீயை நூறு ஆண்டுகளாக அணைக்க முடியாத இடத்தில், வேண்டி ஒரு தீயை மூட்டுகிறோம் என்று போய்ச் சொல்லும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். தொழில்நுட்பச் சாத்திய அறிக்கையையும் முதல் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் இந்தியிலும் சந்தாலியிலும் வங்காளத்திலும் அச்சிட்டு, கிராம சபைக்கு ஒரு மாதம் முன்பே கையில் கொடுங்கள். காஸ்தாவின் குழி மூடப்பட்டு, கண்காணிப்பு முடிவுகள் வெளியாகும் வரை, நிலத்தடி வாயுவாக்கத்துக்கான தொகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள்.

அந்த அறிவிப்பை எதிர்பார்த்து,
திருவாரூர் மாவட்டத்திலிருந்து,
ஓய்வுபெற்ற குடிநீர் வேதியியலாளர் ஒருவர்